கிளேர்: குளிர்காலத்தில் மலையேறும் மாடுகள்

அயர்லாந்தின் கிளேர் கவுண்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதன் வடக்கில் இருக்கும் சுண்ணாம்புக்கல் நிலமான பர்ரன் பகுதியின் படங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறப் பாறைதான் தெரிகிறது, அங்கே என்ன விளையும், எப்படி விவசாயம் செய்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

விளைவது புல். கிளேரில் உழுது பயிரிடும் நிலம் மிகக் குறைவு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை மாட்டை நம்பியவை. படத்தில் வெறும் பாறையாகத் தெரியும் அந்த மேடுதான் ஊரின் குளிர்கால மேய்ச்சல் நிலம். கோடையில் அங்கே பூக்கும் அபூர்வமான பூக்கள் இருக்கின்றனவே, அவையும் அந்த மாடுகளால்தான் நிலைக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள முதலில் மண்ணுக்கு அடியில் என்ன பாறை இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கிளேர் அயர்லாந்தின் மேற்குக் கரையில், மன்ஸ்டர் மாகாணத்தில் இருக்கிறது. மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல், தெற்கே ஷானன் ஆற்றின் அகன்ற கழிமுகம், கிழக்கே அதே ஷானனும் அது விரிந்து உண்டாகும் டெர்க் ஏரியும், வடமேற்கே கால்வே விரிகுடா. வடக்கில் மட்டும்தான் கால்வே கவுண்டியோடு நீளமான நில எல்லை. பரப்பு சுமார் 3,400 சதுர கிலோமீட்டர், 2022 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 1.28 லட்சம். ஃபெர்கஸ் ஆற்றங்கரையில் இருக்கும் எனிஸ்தான் தலைநகர்.

கிழக்கு ஓரத்தில் ஸ்லீவ் ஆக்டி, ஸ்லீவ் பெர்னா என்ற பழைய மணற்கல் குன்றுகள். கவுண்டியின் உயரமான சிகரமான மோய்லுஸ்ஸா (532 மீட்டர்) ஸ்லீவ் பெர்னாவில்தான் இருக்கிறது. நடுவிலும் வடக்கிலும் சுண்ணாம்புக்கல், 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கடியில் படிந்தது. அதற்குப் பின் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேறும் மணலும் இறுகி, மேற்கில் களிப்பாறையும் மணற்பாறையுமாக அதன்மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. 214 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைச்சுவரைப் பார்த்தால் அந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பர்ரனின் மேற்கு ஓரத்தில் ஸ்லீவ் எல்வா என்ற 344 மீட்டர்க் குன்றின் உச்சியில் களிப்பாறைத் தொப்பி இன்னும் மிச்சம் இருக்கிறது. மேலே மக்கிய செடிகளால் ஆன கறுத்த கரிமண்ணும் கோரையும், அதிலிருந்து வழியும் ஓடைகள் கீழே சுண்ணாம்புக்கல்லைத் தொட்ட இடத்திலேயே துளைக்குள் இறங்கி மறைந்துவிடும். சில நூறு அடி நடந்தால் இரண்டு வேறு விவசாயங்களை அங்கே பார்த்துவிடலாம்.

மழை இரண்டுக்கும் ஒன்றுதான். ஷானன் விமான நிலையத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர், மேற்குக் குன்றுகளில் அதைவிட நன்றாகவே கூடுதல். அளவைவிட முக்கியம் அது பெய்யும் விதம். ஆண்டில் 200 நாள்களுக்கு மேல் ஏதோ ஒரு தூறலாவது விழும். மண் முழுதாகக் காய்வதற்கு அவகாசமே கிடைக்காது. அட்லாண்டிக் பக்கத்தில் இருப்பதால் குளிரும் கடுமையில்லை, ஜனவரியில் சராசரி 6 டிகிரி செல்சியஸ் சுற்றில் நிற்கும். புல் வளர்வதற்குத் தேவையான கீழெல்லையும் கிட்டத்தட்ட அதுவே. அதனால் கரையோரத்தில் புல் குளிர்காலத்திலும் முழுவதுமாக உறங்குவதில்லை.

இப்போது மேற்குக் கிளேரை எடுத்துக்கொள்ளுங்கள். கில்ரஷ், மில்டவுன் மால்பே, காலன் மலைச் சுற்றுப்பகுதி. களிப்பாறைமேல் உண்டான மண் நீரை உள்ளே விடாது. ஆண்டில் பாதி நாள் நீர் தேங்கி நின்று சாம்பல் நிறமாகிப்போன கனத்த களிமண் அது. மேட்டில் கரிமண், பள்ளத்தில் கோரை. புல் நன்றாகவே வளரும், ஆனால் அதைத் தின்ன மாட்டை உள்ளே விட முடியாது என்பதுதான் அங்குள்ள உழவரின் நித்தியக் கவலை. ஈர மண்ணில் 600 கிலோ மாடு நடந்தால் ஒவ்வொரு குளம்படியும் ஒரு குழி. குழியில் நீர், நீரில் கோரை, அடுத்த ஆண்டு புல் பாதியாகிவிடும்.

ஆகவே அங்கே இலையுதிர்காலத்திலேயே மாட்டைக் கொட்டிலுக்குள் கட்டிவிடுகிறார்கள். இடைவெளி விட்டுப் பதித்த கான்கிரீட் சட்டங்கள்தான் கொட்டிலின் தரை. சாணமும் மூத்திரமும் அதன் வழியே கீழே உள்ள தொட்டியில் விழும். கோடையில் அறுத்து, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த சைலேஜ்தான் தீவனம். அந்தச் சாணக்குழம்பை அக்டோபர் தொடக்கம் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை வயலில் தெளிக்கச் சட்டத்தில் தடை, மழையில் அடித்துக்கொண்டு ஆற்றில் கலந்துவிடும் என்பதால். ஆக, கொட்டில், தொட்டி, டிராக்டர், சைலேஜ் என்று குளிர்காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் செலவு. போதாததற்கு ஈர நிலத்தில் வாழும் சின்னஞ்சிறு நத்தை ஒன்று கல்லீரல் தட்டைப்புழுவைப் பரப்புகிறது. மாடு இளைக்கும், பால் குறையும், மருந்துச் செலவு கூடும். சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற வட அமெரிக்க ஊசியிலை மரம் மேற்கிலும் ஸ்லீவ் ஆக்டியிலும் இவ்வளவு பரவியதற்கும் இந்தக் கனத்த மண்ணே காரணம். மாட்டுக்கு ஆகாத நிலம் மரத்துக்குப் போனது. அப்படி மரம் சூழ்ந்த பண்ணைகளில் அக்கம்பக்கம் ஆளற்றுப் போவதைப் பற்றி அங்குள்ளவர்கள் பேசும்போது குரலில் வருத்தம் இருக்கும். அது நியாயமான வருத்தம் என்றே நான் நினைக்கிறேன்.

இனி பர்ரன். மழை பெய்த சில நிமிடங்களில் நீர் பாறையின் பிளவுகளுக்குள் இறங்கிவிடும். மேற்பரப்பில் தொடர்ந்து ஓடும் ஆறு என்றால் காஹர் என்ற சிறு ஆறு மட்டுமே. பாறைப் பாளங்களுக்கு நடுவே ஓடும் பிளவுகளிலும், அங்கங்கே தங்கியிருக்கும் ஒல்லியான மண்திட்டுகளிலும்தான் புல். பார்ப்பதற்குக் கொஞ்சம் போலத் தெரியும், ஆனால் திட்டும் பிளவுமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு மந்தைக்குப் போதும்.

உலகத்தின் மலைநாடுகளில் பொதுவாகக் கோடையில் மாடு மேலே ஏறும், குளிரில் கீழே இறங்கும். அயர்லாந்தின் மற்ற மலைகளிலும் பழைய வழக்கம் அதுதான். பர்ரனில் இது தலைகீழ். அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பரில் மாட்டை மேலே ஓட்டுகிறார்கள், ஏப்ரல் கடைசி வரை அங்கேயே விட்டுவைக்கிறார்கள். மேட்டில் இருக்கும் அந்த நிலத்துக்கும், அங்கே மேய்க்கும் வழக்கத்துக்கும் சேர்த்து 'விண்டரேஜ்' என்று பெயர்.

காரணங்கள் எல்லாம் நடைமுறை சார்ந்தவை. கோடையில் மேட்டில் குடிநீர் கிடையாது, ஊற்றுகள் வற்றிவிடும். குளிர்காலத்தில் ஊற்று சுரக்கும். நீர் தங்காததால் தரை எப்போதும் உலர்ந்திருக்கும். மாடு படுக்க உலர்ந்த இடம் கிடைத்தால் குளிரைத் தாங்கிக்கொள்ளும், மழையோடு சேர்ந்த சேற்றைத்தான் தாங்காது. கோடை வெயிலை வாங்கிவைத்த பாறை அந்தச் சூட்டை மெல்ல மெல்ல விடுகிறது என்பது உழவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் விளக்கம். புல்லிலும் நீரிலும் சுண்ணாம்புச் சத்து நிறைய. மேலே போவது பெரும்பாலும் வசந்தத்தில் ஈனப்போகும் சினைமாடுகள், அவற்றுக்கு அது தேவை. உலர்ந்த பாறையில் நத்தைக்கு இடமில்லை, ஆகவே புழுத் தொல்லையும் குறைவு. கொட்டில் வேண்டாம், தொட்டி வேண்டாம், சாணத்தை மாடே பரப்பிக்கொள்ளும். மேற்குக் கிளேரில் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒருவர் குளிர்காலம் முழுக்கச் செலவழித்துச் செய்வதை இங்கே பாறை இலவசமாகச் செய்து தருகிறது.

பூக்களின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. கோடை முழுக்க மேட்டில் மேய்ச்சல் இல்லாததால் செடிகள் தடையின்றிப் பூத்து விதை விடுகின்றன. குளிரில் ஏறும் மாடு, அதற்குள் முற்றிப் பழுத்துக் கிடக்கும் முரட்டுப் புல்லைத் தின்று தீர்க்கிறது. வசந்தத்தில் வெளிச்சம் தரை வரை விழுகிறது, சிறு செடிகள் மூச்சு விடுகின்றன. ஆல்ப்ஸில் காணும் நீல ஜென்ஷியன், ஆர்க்டிக் பக்கத்து வெள்ளைப் பூவான மவுண்டன் ஆவென்ஸ், மத்தியதரைக் கடல் பக்கத்து ஆர்க்கிட் ஒன்று, மூன்றும் கடல்மட்டத்துக்கு அருகில் ஒரே வயலில் பூக்கும் இடம் இது. அயர்லாந்தின் இயல்தாவரங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு வகைகள் இந்தச் சிறு பகுதிக்குள் இருக்கின்றன. மாட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை கண்ணெதிரே இருக்கிறது. முதலில் முரட்டுப் புல் மூடும், பிறகு ஹேசல் புதர் ஏறும், அதன் நிழலில் ஜென்ஷியன் நிற்காது.

டர்லாக் என்ற மறைந்து தோன்றும் ஏரியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரை விளக்க முடியாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் பொங்கித் துளைகள் வழியாக மேலே வந்து ஏரியாக நிற்கும், கோடையில் அதே துளைகள் வழியாக வடிந்து மறைந்துவிடும். ஆறு வந்து சேருவதும் இல்லை, ஆறாக வெளியேறுவதும் இல்லை. காரன் கிராமத்துப் பக்கத்தில் இருப்பது பெரிய டர்லாக்குகளில் ஒன்று. நீர் வடிந்த படுகையில் வளமான புல் வரும், கோடையில் மாடு அங்கே மேயும். சுற்றியுள்ள பாறையிலும் கல்சுவரிலும் ஒரு கறுத்த பாசி எந்த உயரம் வரை படர்ந்திருக்கிறது என்று பார்த்தால் நீர் எங்கே வரை வந்துபோகும் என்பது தெரியும். உழவர் வேலி போடுவதும் அதைப் பார்த்துத்தான். குளிரில் கீழ்நிலம் நீருக்கடியில், மேட்டில் புல், கோடையில் மேட்டில் தாகம், கீழே புல். மாடு ஏறி இறங்கும் திசையை நீரே தீர்மானித்துவிட்டது.

இந்த அறிவு எவ்வளவு பழையது? பர்ரனில் மனிதர் குடியேறி ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. புல்னப்ரோன் என்ற கல்திட்டையில் கிடைத்த எலும்புகள் பொ.ஆ.மு. 3800 தொடங்கி வெவ்வேறு காலங்களைச் சேர்ந்தவை. அன்று அங்கே பைன், ஹேசல் காடுகளும் இன்றைவிடக் கூடுதலான மண்ணும் இருந்தன. காட்டை வெட்டியதும் மேய்த்ததும் சேர்ந்து மண்ணைப் பிளவுகளுக்குள் இறக்கிவிட்டன. பனிப்பாறைகள் அதற்கு முன்பே சுரண்டியது எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆக, நாம் 'இயற்கை' என்று வியந்து பார்க்கும் இந்த வெறுமையில் உழவரின் கை இருக்கிறது. காஹர்கொமான் என்ற, பள்ளத்தாக்கு விளிம்பில் நிற்கும் கற்கோட்டையை 1934இல் அகழ்ந்தபோது கிடைத்த எலும்புகளில் மிகப் பெரும்பங்கு மாட்டெலும்பு. ஒன்பதாம் நூற்றாண்டிலும் இங்கே செல்வம் என்றால் மாடுதான்.

1651இல், அயர்லாந்தை வென்ற ஆங்கிலத் தலைவர் கிராம்வெல்லின் படையோடு வந்த தளபதி எட்மண்ட் லட்லோ இந்த நாட்டைப் பற்றிச் சொன்னதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒருவனை மூழ்கடிக்க நீரில்லை, தூக்கிலிட மரமில்லை, புதைக்க மண்ணில்லை என்றார். எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் தொடர்ந்து சொன்னது, இருந்தும் இவர்களுடைய மாடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, பாறைகளுக்கு இடையில் இரண்டு மூன்று அடிச் சதுரத் திட்டுகளில் வளரும் புல் அவ்வளவு இனிப்பும் சத்துமானது என்று. எதிரிநாட்டுக்குள் வந்த ஒரு படைத்தலைவன்கூட அந்தப் புல்லைக் கவனித்திருக்கிறான்.

கிளேர் எப்போதும் மாட்டு நாடாகவே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1841இல் இங்கே 2,86,000 பேர் வாழ்ந்தார்கள், இன்றைய எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஏழைகள் துண்டு நிலங்களில் உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தார்கள். கரையோரத்தில் கடற்பாசியையும் கடல்மணலையும் சுமந்து வந்து மண்ணாக்கி வரப்பு வரப்பாகக் கிழங்கு வைத்தார்கள். 1845இல் வந்த கருகல் நோய் எல்லாவற்றையும் அழித்தது. 1847இல் வந்த சட்டம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் இல்லை என்றது. பசியில் நிலத்தை விட்டுக்கொடுத்தவர்களின் வீடுகளை நிலக்கிழார்கள் இடித்துத் தள்ளினார்கள். அயர்லாந்திலேயே மிகக் கொடுமையான வெளியேற்றங்கள் நடந்த இடங்களில் ஒன்று மேற்குக் கிளேரின் கில்ரஷ். அங்கே ஏழைகள் நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த கேப்டன் ஆர்தர் கென்னடி வீடிழந்தவர்களைப் பெயர் பெயராகப் பதிவு செய்து அனுப்பினார், அந்தக் கணக்கு இல்லையென்றால் இந்தக் கொடுமையில் பாதி நமக்குத் தெரியாமலேயே போயிருக்கும். 1851இல் கவுண்டியின் மக்கள் தொகை 2,12,000 ஆகிவிட்டது, அதன் பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேல் குறைந்துகொண்டே போனது. ஆள் போன இடத்தில் புல் வந்தது. சாய்வெயிலில் சில குன்றுச் சரிவுகளில் பழைய கிழங்கு வரப்புகள் இன்றும் கோடுகோடாகத் தெரியும். இன்றைய பச்சை வயலைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

நிலம் உழவர் கைக்கு வந்தது, குத்தகைக்காரர்கள் நிலக்கிழாரிடமிருந்து நிலத்தை வாங்க வழிசெய்த 1903 விண்டம் சட்டத்துக்குப் பிறகுதான் பெருமளவில் நடந்தது. கிடைக்காமல் போய்த் திரும்பக் கிடைத்த நிலம் என்பதால் அதை விற்பது இன்றும் அரிது. தேவைப்படுபவர் பதினொரு மாதக் குத்தகைக்கு எடுப்பார். விண்டரேஜ் நிலத்தையும் அப்படி எடுப்பதுண்டு, வீடு ஓரிடத்திலும் மேட்டு நிலம் பல மைல் தள்ளியும் இருப்பது சாதாரணம்.

விண்டரேஜுக்கு உண்மையான சோதனை வந்தது 1973இல் அயர்லாந்து, இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகு. மாட்டின் தலைக்கு இவ்வளவு என்று மானியம் வந்ததும் எண்ணிக்கை கூடியது. ஹெரிஃபோர்டு, ஷார்ட்ஹார்ன் போன்ற தாங்கும் மாடுகளுக்குப் பதிலாக ஷரோலே, லிமூசின் என்ற, ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த பெரிய இனங்கள் இடம்பிடித்தன. அவற்றுக்கு மேட்டுப் புல் மட்டும் போதவில்லை. சைலேஜை மேட்டுக்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். மாடு மேடெங்கும் சுற்றி மேய்வதை விட்டுத் தீவனம் போட்ட இடத்திலேயே நின்றது. அங்கே சேறு, மற்ற இடமெல்லாம் மேயாத முரட்டுப் புல். அந்தச் சேற்றில் கலந்தது பிளவுகள் வழியாக நேரே நிலத்தடி நீருக்குப் போகும், வடிகட்ட நடுவில் மண்ணே கிடையாது. இன்னொரு பக்கம், 1959இல் ஷானன் விமான நிலையத்தை ஒட்டித் தொழிற்பேட்டை உருவானது முதல் பல உழவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மாலை இருட்டிய பின் வீட்டுக்கு வரும் ஒருவரால் மலைமேல் ஏறி மாட்டை எண்ணிவிட்டு வர முடியுமா? கொட்டிலில் கட்டுவதே எளிது என்று ஆனது. ஹேசல் ஏறியது.

1990களில் வந்த சூழல் திட்டங்கள் பெரும்பாலும் தடைகளின் பட்டியலாக இருந்தன. திருப்பம் 2005இல் தொடங்கிய பர்ரன்லைஃப் திட்டத்தில். பிரெண்டன் டன்ஃபர்டு தலைமையில் இருபது பண்ணைகளோடு ஐந்து ஆண்டு செய்து பார்த்தார்கள். சைலேஜுக்குப் பதில் அளவாகக் கொடுக்கும் ஒரு செறிவுத் தீவனம், அதைத் தின்றுவிட்டு மாடு மறுபடி மேயப் போய்விடும். குடிநீர்த் தொட்டிகள், புதருக்குள் மாடு போக வழிவெட்டல், விழுந்த கல்சுவர்களை எடுத்துக்கட்டல். 2010க்குப் பின் இது பெரிதாகி, கடைசியில் முந்நூறுக்கு மேற்பட்ட உழவர்களும் 20,000 ஹெக்டேருக்கு மேல் நிலமும் சேர்ந்தன. இதன் உயிர்நாடி மதிப்பெண் முறை. ஒவ்வொரு வயலுக்கும் கோடையில் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பிடுவார்கள். பூவகைகள், மேய்ச்சலின் அளவு, ஊற்றின் நிலை எல்லாம் கணக்கில் வரும். மதிப்பெண் கூடினால் பணம் கூடும், மிகக் குறைந்தால் எதுவும் இல்லை. எப்படிக் கூட்டுவது என்பது உழவர் விருப்பம். என்ன செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அரசு, எட்டு மதிப்பெண் வயலை எப்படி எடுத்தீர்கள் என்று உழவரிடம் கேட்க ஆரம்பித்தது. இதில் எனக்கு இருக்கும் மதிப்பை மறைக்க விரும்பவில்லை. ஐரோப்பாவின் எத்தனையோ சூழல் திட்டங்களில் உழவரின் அறிவை அறிவாகவே எடுத்துக்கொண்டவை மிகச் சில. 2023 முதல் ஏக்ரஸ் என்ற தேசியத் திட்டம் இதன் இடத்தில் வந்திருக்கிறது. மதிப்பெண் முறை இப்போது எட்டுப் பகுதிகளுக்குப் பரவியிருப்பது நல்லது. ஆனால் ஒவ்வொரு வயலையும் பெயர் சொல்லி அறிந்த ஆலோசகர் கூடவே நிற்கும் நெருக்கம் பெரிய திட்டத்தில் தங்குவது கடினம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும் அதுதான் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். பர்ரனிலும் மேற்கிலும் பெரும்பாலானவை கன்று வளர்ப்புப் பண்ணைகள். பால் கறப்பதில்லை, கன்று தாயிடமே குடித்து வளரும், இலையுதிர்காலத்தில் எனிஸ் போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தையில் விற்றுவிடுவார்கள். அயர்லாந்தின் கிழக்குக் கவுண்டிகளில் தானியமும் நல்ல புல்லும் உள்ளவர்கள் வாங்கிக் கொழுக்க வைப்பார்கள், சில கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போகும். இத்தகைய பண்ணையின் சராசரி ஆண்டு வருமானம் நாட்டளவில் 2023 வரை பல ஆண்டுகள் 10,000 யூரோவைச் சுற்றியே நின்றது, அதுவும் மானியத்தைக் கழித்தால் பெரும்பாலான ஆண்டுகளில் நட்டம். 2020 வேளாண் கணக்கெடுப்பில் அயர்லாந்தின் பண்ணை உரிமையாளர்களில் மூன்றில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர், 35 வயதுக்குக் கீழே ஏழு சதவீதம்தான். ஜென்ஷியனின் எதிர்காலம் இந்த எண்களில் இருக்கிறது. நல்ல வருமானம் பால் பண்ணைகளில்தான். அவை ஷானன், ஃபெர்கஸ் கழிமுகங்களின் ஓரத்தில், கரை கட்டிக் கடலிலிருந்து மீட்ட வண்டல் நிலங்களிலும், உலர்ந்த நடுச்சமவெளியிலும் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் பால் உற்பத்திக்கு விதித்திருந்த ஒதுக்கீட்டு வரம்பு 2015இல் நீங்கியபின் அங்கே மந்தைகள் பெருத்தன.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் பூவுக்கு மே மாதம். மாடு ஏறுவதைப் பார்க்க அக்டோபர் கடைசி வாரயிறுதி, அன்று விண்டரேஜ் விழாவாகவே ஊர்கூடி ஒரு மந்தையோடு நடந்து போகிறார்கள். ஒரு வேண்டுகோள்: அயர்லாந்தில் பண்ணை நிலத்தில் யாரும் நடக்கலாம் என்ற சட்ட உரிமை கிடையாது, பாதைகள் பெரும்பாலும் உழவர்களின் சம்மதத்தில் திறந்திருப்பவை. நாயைக் கூட்டிப் போகாதீர்கள், கதவைத் திறந்தால் மூடுங்கள். பாறையிலிருந்து கற்களைப் பெயர்த்துச் சிறு கல்திட்டைகள் அடுக்கும் பழக்கம் சுற்றுலாப் பயணிகளிடம் பரவியிருக்கிறது. அந்தக் கல் பெயர்ந்த இடத்தில்தான் மண்ணும் செடியும் ஒட்டியிருக்கும், அல்லது அது ஒருவர் மாட்டுக்காகக் கட்டிய சுவரிலிருந்து வந்ததாக இருக்கும். கல்லை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.